பகிடி எதுவரை? இணைய விளையாட்டுகளில் மனம் நோவதும் அதைப் பற்றிய வாக்குவாதமும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்கு அப்பால் உள்ள ஓர் ஒழுங்கையின் மதகில், மாலை ஆறரை மணிக்குப் பிறகு நாலைந்து இளைஞர்கள் கைத்தொலைபேசியைக் கிடையாகப் பிடித்தபடி குந்தியிருப்பதை நான் நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்றாலும் வாய் மட்டும் ஓய்வதில்லை. அவர்கள் விளையாடுவது பப்ஜி மொபைல். நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவில் குதித்து, ஆயுதம் பொறுக்கி, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசி வரை உயிரோடு நிற்பவர் வெல்கின்ற இந்த விளையாட்டு 2018 இல் வெளிவந்தது. பெரும்பாலும் நால்வர் ஓர் அணியாக இறங்குவார்கள். மூவர் மதகில் இருந்தால், நாலாவது ஆள் கொக்குவிலிலும் இருக்கலாம், கோயம்புத்தூரிலும் இருக்கலாம்.

ஒரு நாள் மாலை அந்த நாலாவது இடத்துக்கு நண்பரின் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆட்டத்தின் நடுவே, அணியில் இருந்த தம்பி ஒருவர் கைக்குண்டைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி எறிந்து தன் பக்கத்து ஆட்களையே விழுத்திவிட்டார். வந்தவர் சிரித்துக்கொண்டு, "இதைத்தானோ உனக்குக் கொப்பர் பழக்கினவர்?" என்று கேட்டார். அந்தத் தம்பியின் தகப்பன் 2009 இல் வன்னியில் காணாமற்போனவர். தம்பி ஒரு சொல்லும் பேசாமல் ஆட்டத்திலிருந்து வெளியேறி, மதகிலிருந்து எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதே மதகில் இரண்டு கட்சிகள் உருவாகியிருந்தன. "பகிடிக்குச் சொன்னதுக்கெல்லாம் இப்பிடிக் கோவிச்சால் ஆரோடை விளையாடுறது?" என்பது ஒரு கட்சி. "ஆளைத் தெரியாமல் ஏன் வாயை விடுவான்?" என்பது மற்றக் கட்சி.

இந்த வாக்குவாதம் எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் உரியதன்று. இணைய விளையாட்டுகள் தோன்றிய காலந்தொட்டு, அவை விளையாடப்படும் எல்லா ஊர்களிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு யாரோடு என்ன கதைக்கிறார்கள் என்று விளங்காமல் நிற்கும் பெற்றோருக்கும், புதிதாக விளையாடத் தொடங்கியிருப்போருக்கும், இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று அடியிலிருந்து விளக்குவதே என் நோக்கம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். போட்டியின் சூட்டில் எதிராளியையோ தன் அணியாளையோ சீண்டிப் பேசுவதை ஆங்கிலத்தில் டிராஷ் டோக் என்பார்கள்; எங்கள் பக்கத்தில் தனகுதல், நக்கலடித்தல் என்று சொல்வோம். சீண்டல் அளவுகடந்து ஆட்டத்தையே கசப்பாக்கும் நிலையை விளையாட்டாளர்கள் டொக்ஸிக் என்கிறார்கள். நஞ்சு என்பது அதன் நேர்ப்பொருள். சிறு சொல்லுக்கும் மனம் நொந்து போகிறவரை சென்சிடிவ் என்று எள்ளுவார்கள். அதற்கு நாம் தொட்டாற்சிணுங்கி என்ற பெயரை எப்போதோ வைத்துவிட்டோம். ஒரே சொல்லை ஒருவர் நக்கல் என்றும் மற்றவர் நஞ்சு என்றும் கொள்ளும்போதுதான் சண்டை மூளுகிறது.

ஆனால் ஈழத்தமிழில் இவை எல்லாவற்றையும் விடப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவரை மூத்த மாணவர் படுத்தும் பாட்டை நாம் பகிடிவதை என்கிறோம். பகிடி என்பது சிரிப்பு. வதை என்பது துன்பம். செய்கிறவர் தன் செயலுக்கு வைத்திருக்கும் பெயர் முன்பாதி, படுகிறவர் வைத்திருக்கும் பெயர் பின்பாதி. இலங்கையில் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் மூத்த மாணவர் தரப்பிலிருந்து கேட்டுவந்த வாதங்கள், "பகிடிதானே", "நாங்களும் பட்டுத்தான் வந்தனாங்கள்", "இதைத் தாங்க மாட்டாதவன் வெளியுலகத்தை எப்படித் தாங்குவான்" என்பவை. இணைய விளையாட்டில் வசை பொழிகிறவர் சொல்லும் வாதங்களை இவற்றின் பக்கத்தில் வைத்தால், ஒரு சொல்கூட மாற்றத் தேவையில்லை.

அப்படியானால் சீண்டலே கூடாதா என்றால், அவ்வாறு நான் கருதவில்லை. வாசிகசாலையில் முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தோற்ற சோடியின் காதில் குணுக்கு மாட்டிவிட்டு, வென்றவர்கள் அவர்களை ஏற இறங்கப் பார்த்துப் பண்ணும் நக்கலுக்கு அளவில்லை. ஊரில் மரியாதையான மனிதர், பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியர், காதில் குணுக்கோடு இருந்து அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடுவார். யாரும் அதை அவமானம் என்று வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் அந்த விதியை ஏற்றுக்கொண்டு அமர்ந்தவர்கள். இன்று மாட்டியவரின் காதுக்கு நாளை குணுக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரின் முகம் கறுத்தால் மற்றவர் கண்முன்னே அது தெரியும். தெரிந்தவுடன் யாராவது ஒருவர் பேச்சை மாற்றிவிடுவார். குணுக்கு இறங்கும்போது நக்கலும் இறங்கிவிடும்.

சீண்டல் இனிப்பதற்குத் தேவையான இவை ஒன்றுமே இணைய ஆட்டத்தில் இயல்பாக அமைவதில்லை. எதிரில் இருப்பவர் யார், எந்த வயது, எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. விதியை அவர் ஏற்றாரா என்று யாரும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்தால் மறுபடி சந்திக்கப் போவதுமில்லை. நேரில் சொல்லத் துணியாததைத் திரைக்குப் பின்னாலிருந்து மனிதர் சொல்லிவிடுவதற்கு உளவியலாளர் ஜோன் சூலர் 2004 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் கொடுத்த விளக்கமும் இதை ஒட்டியதே. பெயர் மறைந்திருப்பதும், முகம் மறைந்திருப்பதும், சொல்லின் விளைவு உடனே கண்ணில் படாதிருப்பதும் சேர்ந்து மனத்தின் கடிவாளத்தைத் தளர்த்திவிடுகின்றன என்றார் அவர்.

கடிவாளம் தளர்வது தீயவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லீக் ஒஃப் லெஜென்ட்ஸ் என்ற விளையாட்டை 2009 இல் வெளியிட்ட ரயட் கேம்ஸ் நிறுவனம், தன் விளையாட்டாளர்களின் நடத்தையை ஆராய உளவியல் கற்றவர்களை வேலைக்கு அமர்த்தியது. எப்போதும் நஞ்சு கக்குகிறவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான் என்றும், நடக்கும் வசையில் அவர்களுடைய பங்கு ஐந்து சதவீதம் அளவே என்றும் அவர்கள் கண்டார்கள். மிகுதியில் பெரும்பகுதி, பள்ளிக்கூடத்திலோ வேலையிடத்திலோ ஒரு கெட்ட நாளைக் கழித்துவிட்டு வந்த சாதாரண மனிதர்களின் வாயிலிருந்து வந்தது. ஆகவே, கெட்டவர்களைத் துரத்திவிட்டால் களம் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அதே நிறுவனம் எதிரணியோடு எழுத்தில் கதைக்கும் வசதியைத் தொடக்கத்தில் அணைத்து வைத்து, வேண்டியவர் மட்டும் திறந்துகொள்ளலாம் என்று ஒரு சிறு மாற்றம் செய்தபோது, தீய பேச்சு முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. யாரையும் தண்டிக்கவில்லை, யாருக்கும் வாய்ப்பூட்டுப் போடவுமில்லை. பேச வேண்டுமா என்று ஒரு கணம் யோசிக்க வைத்தது மட்டுந்தான்.

சொல்லைத் தடுத்தால் மட்டும் போதுமென்று எண்ணுகிறவர்கள் ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டைப் பார்க்கலாம். அதில் முன்பின் தெரியாத எதிராளியோடு எழுதிப் பேசவே முடியாது. வணக்கம், நன்றி, நன்றாக ஆடினாய் என்பன போன்ற ஆறு ஆயத்த வாசகங்களை மட்டுமே அனுப்பலாம். அவற்றில் ஒன்றாக மன்னிக்கவும் என்பது முதலில் இருந்தது. எதிராளி தோற்கும் தறுவாயில் இந்த மன்னிப்பை அடுத்தடுத்து அனுப்பி வெறுப்பேற்றுவதை விளையாட்டாளர்கள் ஒரு கலையாகவே வளர்த்துவிட்டதால், 2015 இல் நிறுவனம் அதை எடுத்துவிட்டு வியப்புச் சொல் ஒன்றை வைத்தது. உடனே அந்த வியப்பும் நக்கலாகிவிட்டது. எங்கள் வீடுகளில் "வாங்கோ, இருங்கோ" என்ற உபசாரத்தையே குத்தலாகச் சொல்லத் தெரிந்த பெரியம்மாக்களைக் கண்ட நமக்கு இதில் புதுமை இல்லை. புண்படுத்துவது சொல்லில் மட்டும் இருக்கிறது என்று நினைப்பவர் குரலை மறந்துவிடுகிறார்.

ஆட்ட முடிவில் ஜீஜீ என்று எழுதுவது விளையாட்டாளர்களிடையே ஒரு பழைய மரியாதை. நல்ல ஆட்டம் என்பதன் சுருக்கம் அது. அதன் பின்னால் ஈஸி என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், உன்னை வெல்வது சுண்டைக்காய் என்று பொருள் மாறிவிடும். 2016 இல் வெளிவந்த ஓவர்வோட்ச் விளையாட்டில் யாராவது இதை எழுதினால், எழுதியவர் பெயரிலேயே, தன் மனக்குறைகளை ஒப்புக்கொள்வது போன்ற வேறொரு வாசகம் திரையில் தோன்றும்படி செய்துவிட்டார்கள். எழுதியவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தண்டனையாக வந்திருந்தால் கோபத்தைக் கிளறியிருக்கக்கூடிய ஒரு திருத்தம் பகிடியாக வந்ததால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்தத் துறையில் நான் கண்ட மிக நயமான தீர்வு இதுவே.

இனி, சண்டையின் கடுமையான பகுதிக்கு வருவோம். "இது எங்கள் விளையாட்டுப் பண்பாடு, பிடிக்காவிட்டால் வராதே" என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012 பெப்ரவரியில் கப்கொம் நிறுவனம் இணையத்தில் ஒளிபரப்பிய ஒரு போட்டி நிகழ்ச்சி சாட்சி. ஓர் அணியின் பயிற்றுநர் தன் அணியில் இருந்த பெண் போட்டியாளரிடம் நேரலையிலேயே பாலியல் தொனியில் திரும்பத் திரும்பப் பேசினார். இதை விட்டுவிட்டு விளையாட முடியாதா என்று கேட்டபோது, சண்டை விளையாட்டுக்காரர்களின் பண்பாட்டிலிருந்து அதைப் பிரிக்கவே முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். அந்தப் பெண் போட்டியிலிருந்து விலகினார். பயிற்றுநர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். இங்கே பண்பாடு என்ற சொல் எதற்காகக் கொண்டுவரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். களத்தில் யார் இருக்கலாம், யார் போய்விட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்வதற்காகவே அது வந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பரில், டோட்டா 2 விளையாட்டின் பிலிப்பைன்ஸ் வீரர்கள் இருவர் வெவ்வேறு ஆட்டங்களில் சீன மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை எழுதினார்கள். சீன விளையாட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள். விளையாட்டின் உரிமையாளரான வால்வ் நிறுவனம், அவர்களுள் ஒருவரை 2019 சனவரியில் சீனாவின் சொங்சிங் நகரில் நடந்த பெரும் போட்டிக்கு வரவேண்டாம் என்று அறிவித்தது. தண்டனை போதாது என்றவர்களும் மிகை என்றவர்களும் நெடுநாள் வாதாடினார்கள். எழுதியவருக்கு அது ஒரு கணத்துச் சீண்டல். வாசித்தவர்களுக்கு அது தங்கள் பாட்டன் காலத்திலிருந்து கேட்டுவரும் பழிச்சொல்.

நாம் சீனாவரை போக வேண்டியதுமில்லை. மதகில் காதுக்கருவி இல்லாமல் ஒருவர் விளையாடும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள். ஆட்டம் பிழைத்த ஆளைத் திட்டுவதற்கு எங்கள் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது தாயையோ சகோதரியையோ இழுக்கும் வசை. அடுத்து வருவது ஒரு சாதியின் பெயர். சொல்கிறவரைக் கேட்டால், "அண்ணா, அது சும்மா ஒரு சொல், நூப் எண்டதுக்குப் பதிலா சொல்லுறது" என்பார். நூப் என்பது ஆடத் தெரியாதவரைக் கேலி செய்யும் சொல். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பெயரின் பாரம் அவருக்குத் தெரியாமலேயே அவர் வளர்ந்திருக்கலாம். ஆனால் அதே அணியில் மூன்றாவது ஆளாக, அந்தப் பெயரால் தன் தகப்பன் ஒரு வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டதைக் கண்ட ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எதிர்த்துப் பேசினால் தான் யார் என்பது வெளிப்படும். பேசாவிட்டால் தானும் சேர்ந்து சிரிக்க வேண்டும். தொட்டாற்சிணுங்கி என்று அதற்குப் பெயர் வைப்பது மிகப் பெரிய அநியாயம். பெண் பிள்ளைகளின் நிலையும் இதுதான். குரல் கேட்டவுடன் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர்களைப் பற்றியே பேச்சுத் தொடங்கிவிடுவதால், மைக்கை அணைத்துவிட்டு ஆண் பெயரில் விளையாடுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மறுதரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டி என்றால் சூடு இருக்கும். யாழ்ப்பாணத்தின் இரண்டு கல்லூரிகள் மோதும் வடக்கின் பெரும் போர் என்ற துடுப்பாட்டத்தில் இரு பக்கத்துக் கூச்சலையும் நிறுத்திவிட்டால் மைதானம் செத்துப்போகும். நூப் என்ற சொல்லுக்கே முறைப்பாடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னும் மோசமாக, முறைப்பாட்டுப் பொத்தானையே ஆயுதமாக்கி, தன்னை வென்ற ஒருவரைப் பத்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு முறையிட்டுத் தடை வாங்கிக் கொடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இவர்களால் உண்மையில் நொந்தவரின் முறைப்பாடும் மதிப்பிழக்கிறது. எனினும், அளவுக்கு மீறி நோகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பது, நோகிற எல்லோரும் அளவு மீறுகிறார்கள் என்பதற்குச் சான்றாகாது.

நிறுவனங்களின் இயந்திரங்கள் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதிலும் நமக்குப் பயன் குறைவு. வசைச்சொல் வடிகட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் தட்டுகிறார்கள். ஒரே வசைக்குப் பத்து வடிவம் இருக்கும். குரலைக் கேட்டு அடையாளம் காணும் மென்பொருள் 2023 ஓகஸ்டில் கோல் ஒஃப் டியூட்டி விளையாட்டில் வட அமெரிக்காவில், ஆங்கிலப் பேச்சுக்கென அறிமுகமானது. அவ்வாண்டு நவம்பரில் உலகெங்கும் விரித்தபோதும் ஆசியா விடுபட்டது. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் பேசப்படும் தமிழுக்கு இன்று காவல் அந்தத் தமிழைப் பேசுகிறவர்கள்தான்.

விளையாட்டாளர் பேச்சைத் தவிர, விளையாட்டின் உள்ளடக்கமே புண்படுத்துவதும் உண்டு; அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 யூனில் பப்ஜி மொபைலில் ஒரு காட்டுச் சிலையின் முன் வணங்கினால் பயன் கிடைக்கும் என்று ஓர் அம்சம் வந்தபோது, அரபு நாடுகளின் முஸ்லிம் விளையாட்டாளர்கள் அது தங்கள் நம்பிக்கைக்கு எதிரானது என்றார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. 2012 இல் ஸ்மைட் என்ற விளையாட்டில் காளியை அரைகுறை ஆடையோடு போர்க்களத்தில் இறக்கியதற்கு அமெரிக்க இந்து அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தது. காளி அந்த விளையாட்டிலிருந்து அகற்றப்படவில்லை. ஈராக்கில் 2004 இல் நடந்த உண்மையான போரைப் பற்றிய சிக்ஸ் டேஸ் இன் பலூஜா என்ற விளையாட்டு 2009 இல் அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களில், போரில் பிள்ளைகளை இழந்தவர்களின் எதிர்ப்புக்கு நடுவே, வெளியீட்டாளரால் கைவிடப்பட்டது. 2023 இல் வேறொரு வெளியீட்டாளரின் கையால் திரும்பி வந்தது.

இந்தக் கடைசி எடுத்துக்காட்டு எனக்கு வெறும் செய்தியன்று. பப்ஜி தீவில் சில வேளை ஒரு வட்டம் சிவப்பாகிக் குண்டுகள் பொழியும். விளையாடுகிறவர் ஓடி ஒரு வீட்டுக்குள் ஒதுங்க வேண்டும். என் மருமகன் ஒருநாள் விறாந்தையில் இருந்து ஒலியைக் கூட்டி வைத்து விளையாடியபோது அந்தச் சத்தம் வந்தது. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மம்மா சுளகை வைத்துவிட்டு, சுவரோடு ஒட்டி நின்று, "எங்கை விழுது?" என்று கேட்டார். 1995 இடப்பெயர்வில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர் அவர். மருமகன் அதற்குப் பிறகு பிறந்தவன். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவருடைய கையைப் பார்த்தான். சுளகு வைத்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டான். அம்மம்மா அளவுக்கு மீறி நோகிறார் என்றோ, அவன் விளையாடக் கூடாது என்றோ எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட சண்டை ஒன்று காதில் விழும்போது, சொன்னவர் நல்லவரா, நொந்தவர் பலவீனரா என்று இரண்டு பேரில் ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டிய தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் சீண்டலுக்கு எதிரில் இருப்பவர் உடன்பட்டிருந்தாரா? உடன்படவில்லை என்று தெரிந்த பின் சொன்னவர் என்ன செய்தார்? முதல் தடவைக்கு அறியாமையைக் காரணமாகச் சொல்லலாம். நோகிறது என்று தெரிந்த பிறகும் அதே சொல் இரண்டாம் தடவை வருமானால், அதை நான் வதை என்றே எழுதுவேன்; எத்தனை பேர் சேர்ந்து சிரித்தாலும் சரி.

மதகுச் சண்டை மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. அந்த நாலாவது ஆளுக்கு யாரோ விடயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் குரற்செய்தி ஒன்று அனுப்பினார். "தம்பி, எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தால் சொல்லியிருக்க மாட்டன்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தம்பி அதை இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்தார். அன்று மாலையே நால்வரும் இறங்கினார்கள். தம்பி எறிந்த குண்டு மறுபடியும் பிழைத்தது. "நீ எல்லாம் கல்லெறியக்கூட லாயக்கில்லையடா" என்று அந்த நாலாவது குரல் கத்த, தம்பி உரக்கச் சிரித்து, "பொறு அண்ணா, அடுத்த குண்டு உனக்குத்தான்" என்றார்.